திட்ட மேலாண்மை அலுவலகம்: நிறுவும் முறையும் முதல் நூறு நாட்களும்

ஒரு நிறுவனத்தில் பத்துப் பதினைந்து திட்டப்பணிகள் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கியதும் ஒரு விசித்திரம் தெரியவரும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாப் பணியும் நன்றாகவே நடப்பது போல இருக்கும். சொன்ன தேதியில் மட்டும் எதுவும் முடியாது. டிசைன் பிரிவைக் கேட்டால் பர்ச்சேஸில் நிற்கிறது என்பார்கள். பர்ச்சேஸைக் கேட்டால் ஃபைனான்ஸ் ஒப்புதல் வரவில்லை என்பார்கள். ஃபைனான்ஸில் விசாரித்தால், அந்த ஃபைல் தங்கள் மேசைக்கே வரவில்லை என்பார்கள். மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். வேலை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகும் வழியில் நிற்கிறது; அந்த வழிக்குப் பொறுப்பானவர் யாரும் இல்லை.

அந்தப் பொறுப்பை ஏற்கும் அமைப்புதான் திட்ட மேலாண்மை அலுவலகம். பேச்சுவழக்கில் எல்லோரும் பி.எம்.ஓ. என்றே சொல்கிறார்கள். அதை எப்படி நிறுவுவது, யாரை அமர்த்துவது, முதல் நூறு நாளில் என்ன செய்வது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். தொடங்கும் முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: பி.எம்.ஓ.வின் உற்பத்திப் பொருள், உரிய நேரத்தில் எடுக்கப்பட்ட முடிவு. அறிக்கை, அட்டவணை, கூட்டம், மென்பொருள் எல்லாம் அதற்கான மூலப்பொருட்கள். கீழே வரும் ஒவ்வொரு பரிந்துரையையும் இந்த அளவுகோலை வைத்தே எடைபோடுங்கள்.

உங்களுக்கு இது தேவையா?

எல்லா நிறுவனத்துக்கும் பி.எம்.ஓ. தேவைப்படாது. ஆண்டுக்கு மூன்று, நான்கு திட்டப்பணிகள் மட்டுமே நடக்கும் இடத்தில் திறமையான ஒரு திட்ட மேலாளர் போதும். கீழ்க்கண்டவற்றில் குறைந்தது மூன்று உங்கள் நிறுவனத்தில் நடக்கின்றன என்றால் யோசிக்கத் தொடங்கலாம்.

• ஒரே பொறியாளரின் பெயர் நான்கைந்து பணிகளில் இருக்கிறது. எது முதலில் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.
• ஒரு பணி எப்போது முடியும் என்று எம்.டி. கேட்டால் மூன்று பேரிடமிருந்து மூன்று தேதிகள் வருகின்றன.
• தாமதம் ஆகப்போகிறது என்பது ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் தெரிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் மேலே தெரிகிறது.
• தொடங்கிய பணிகளின் பட்டியல் நீள்கிறது. முடித்துக் கணக்கு மூடிய பணிகள் மிகக் குறைவு.
• போன பணியில் கற்ற பாடம் அடுத்த பணிக்கு வந்து சேர்வதில்லை. அதே சப்ளையரிடம் அதே சிக்கலில் மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரிய பணிகள் சொல்லும் பாடம்

இந்த அமைப்பின் நவீன வடிவத்தைப் பார்க்க 1955-க்குப் போக வேண்டும். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவக்கூடிய பொலாரிஸ் ஏவுகணைக்கு வழிவகுத்த பணிக்காக, அமெரிக்கக் கடற்படை அந்த ஆண்டு சிறப்புத் திட்டங்கள் அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. வில்லியம் ரேபோர்ன் என்ற கடற்படைத் தளபதி அதன் தலைவர். 1958-இல் அங்குதான் பெர்ட் என்ற வலையமைப்பு அட்டவணை முறை உருவானது. 1960 ஜூலை 20 அன்று, நீருக்கடியில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் என்ற நீர்மூழ்கியிலிருந்து ஏவுகணை வெற்றிகரமாகப் பாய்ந்தது. உலகெங்கும் மேலாண்மைப் பாடநூல்கள் அந்த வெற்றியை பெர்ட்டின் கணக்கில் எழுதின. ஆனால் 1972-இல் ஹார்வி சபோல்ஸ்கி வெளியிட்ட ஆய்வு நூல் வேறொன்றைக் காட்டியது. பெர்ட் வரைபடங்கள் வேலையை நடத்தியதைவிட, வெளியாரின் தலையீட்டைத் தள்ளி வைக்கத்தான் அதிகம் பயன்பட்டன. பணியை நகர்த்தியது, அந்த அலுவலகத்துக்குக் கிடைத்த அதிகாரமும் முன்னுரிமையும் அங்கிருந்தவர்களின் ஈடுபாடும்.

நம் நாட்டில் இதே பாடத்தைக் கொங்கண் ரயில்வேயில் காணலாம். 1990-இல் அதற்கென்று தனிக் கழகம் அமைந்தது, இ. ஸ்ரீதரன் தலைமை ஏற்றார். 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்துப் பெயர் பெற்றவர் அவர். ஏறக்குறைய 740 கி.மீ. பாதையை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தலைமைப் பொறியாளரிடம் ஒப்படைத்தார்கள். களத்தில் எழும் கேள்விக்குக் களத்திலேயே பதில் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. மலைகளும் ஆறுகளும் குறுக்கிட்ட அந்தப் பாதை 1998 ஜனவரியில் முழுமையாகத் திறக்கப்பட்டது. பின்னர் டெல்லி மெட்ரோவிலும் அவர் இதே வழியைத்தான் பின்பற்றினார். இன்னும் எத்தனை நாள் மீதம் என்று காட்டும் கடிகாரப் பலகைகள் அங்கே அலுவலகங்களிலும் பணியிடங்களிலும் தொங்கின. கடிகாரத்தை யாரும் வாங்கி மாட்டலாம். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவெடுக்கும் உரிமை பொறியாளருக்கு இருந்ததால்தான் அந்தக் கடிகாரம் பயன்பட்டது.

மூன்றாவது எடுத்துக்காட்டு மத்திய அரசின் பிரகதி கூட்டம். 2015 மார்ச்சில் தொடங்கிய இதில் பிரதமரும், மத்தியத் துறைச் செயலர்களும், மாநிலத் தலைமைச் செயலர்களும் காணொளியில் ஒன்றாக அமர்கிறார்கள். நில எடுப்பு, வன அனுமதி, மின்கம்பிப் பாதை மாற்றம் போன்றவை ஒரே துறையால் தீர்க்க முடியாத முட்டுக்கட்டைகள். தொடர்புடைய எல்லோரும் ஒரே நேரத்தில் எதிரெதிரே இருக்கும்போது, “அது அவர்கள் வேலை” என்ற பதிலுக்கு இடமில்லாமல் போகிறது. உங்கள் பி.எம்.ஓ. நடத்தப்போகும் மாதக் கூட்டமும் அளவில் சிறிய இதே ஏற்பாடுதான்.

எந்த வகை அலுவலகம்?

திட்ட மேலாண்மைக் கழகமான பி.எம்.ஐ.யின் வழிகாட்டிகள் பி.எம்.ஓ.க்களை மூன்றாகப் பிரிக்கின்றன.

உதவும் அலுவலகம்: படிவங்கள், பயிற்சி, ஆலோசனை தரும். கட்டாயப்படுத்தாது.
கட்டுப்படுத்தும் அலுவலகம்: குறிப்பிட்ட முறைகளைப் பின்பற்றச் சொல்லும், பின்பற்றுகிறார்களா என்று சரிபார்க்கும்.
நேரடியாக நடத்தும் அலுவலகம்: திட்ட மேலாளர்கள் அனைவரும் இதன் ஊழியர்கள்; பணிகளை இதுவே நடத்தும்.

முதன்முறை நிறுவுபவர்களுக்கு என் பரிந்துரை: உதவும் அலுவலகமாகத் தொடங்குங்கள், கூடவே இரண்டே இரண்டு கட்டுப்பாட்டு உரிமைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, பி.எம்.ஓ. பட்டியலில் ஏறாத எந்தப் பணிக்கும் ஆளும் பணமும் ஒதுக்கக் கூடாது. இரண்டு, எந்தப் பணியின் உண்மை நிலையையும் எவரிடமும் நேரடியாகக் கேட்டு அறியும் உரிமை பி.எம்.ஓ.வுக்கு வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் உங்கள் அலுவலகம் மற்றவர்கள் அனுப்பும் எக்செல் ஷீட்டுகளை ஒட்டித் தருவதோடு நின்றுவிடும். முதல் நாளே எல்லா அதிகாரத்தையும் கேட்டால் பிரிவுத் தலைவர்கள் அனைவரும் எதிரணியில் நிற்பார்கள்.

யாருக்குக் கீழே, யாரைக் கொண்டு?

பி.எம்.ஓ. நேரடியாகத் தலைமைச் செயல் அலுவலருக்கோ, செயல்பாடுகளுக்குப் பொறுப்பான இயக்குநருக்கோ பதில் சொல்ல வேண்டும். ஐ.டி.க்குக் கீழே வைத்தால் அது மென்பொருள் பணிகளை மட்டும் கவனிக்கும் அலுவலகமாகச் சுருங்கும். ஃபைனான்ஸுக்குக் கீழே வைத்தால் ஆடிட் குழு என்று எண்ணி எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

மேலிடத்தில் ஒரு ஸ்பான்சர் வேண்டும். அவரிடமிருந்து மூன்று உறுதிமொழிகளை எழுத்தில் பெறுங்கள்: மாதக் கூட்டத்தைத் தள்ளி வைக்க மாட்டேன்; பட்டியலில் இல்லாத பணியைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தொடங்கி வைக்க மாட்டேன்; கெட்ட செய்தி சொன்னவரை அந்த இடத்திலேயே கடிந்துகொள்ள மாட்டேன். மூன்றில் கடைப்பிடிக்கக் கடினமானது இரண்டாவது. முதலாளியே நிர்வகிக்கும் குடும்ப நிறுவனங்களில் இதைப் பற்றித் தனியாக உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

ஆட்களைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். தலைவராக வருபவர் உங்கள் நிறுவனத்திலேயே கடினமான இரண்டு மூன்று பணிகளை முடித்துக் காட்டியவராக இருக்கட்டும். ஃபவுண்டரி சூப்பர்வைசரிடமும் கணக்குப் பிரிவிலும் அவர் போய் நின்றால் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். சான்றிதழ் அதற்குப் பிறகுதான். அவருக்குத் துணையாக, அட்டவணையும் எண்களும் கையாளத் தெரிந்த ஒருவர். மூன்றாமவர், பிரிவுகளுக்கிடையே நடந்து நடந்து நிலுவைகளை முடிக்கத் தெரிந்த ஒருங்கிணைப்பாளர். இந்த மூவரையும் மீட்டிங் குறிப்பு எழுதுபவர்களாகவும் பவர்பாயின்ட் செய்பவர்களாகவும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது ஸ்பான்சரின் வேலை.

முதல் வேலை: உண்மையான பட்டியல்

ஒரு நடுத்தர பம்ப் தயாரிப்பு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் இப்படிப்பட்டவை ஏராளம். கீழே தரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வகுத்தவை. கணக்குப் போடும் முறையைக் கவனியுங்கள்.

பி.எம்.ஓ. தலைவர் ஒவ்வொரு பிரிவுத் தலைவரையும் அவரவர் இடத்துக்கே சென்று சந்திக்கிறார். மின்னஞ்சலில் படிவம் அனுப்புவதில்லை. முக்கால் மணி நேரம், ஏழு கேள்விகள்: என்ன பணி? யார் கேட்டது? யார் பொறுப்பு? எதற்காக? எப்போது முடிய வேண்டும்? யார் யார் வேலை செய்கிறார்கள்? இப்போது எதற்காகக் காத்திருக்கிறது? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பி.எம்.ஓ. முதலில் தீர்க்க வேண்டிய முட்டுக்கட்டைகள் அந்தத் தாளில்தான் இருக்கும்.

எம்.டி.யின் கணக்கில் பன்னிரண்டு பணிகள். இரண்டு வாரம் அலைந்தபின் கிடைப்பது முப்பத்தொன்று. ஏற்றுமதி வாடிக்கையாளர் கேட்ட மாடல் மாற்றம், விற்பனைப் பிரிவு வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதி, பாதியில் நிற்கும் இ.ஆர்.பி. இணைப்பு, யாரும் கைவிட்டதாக அறிவிக்காத சோலார் பம்ப் கன்ட்ரோலர் என்று எல்லாம் பட்டியலில் ஏறுகின்றன. முப்பத்தொன்றும் அதே ஆட்களின் நேரத்தைத்தான் தின்கின்றன.

அடுத்து டிசைன் பிரிவின் கொள்ளளவைப் பாருங்கள். நான்கு பொறியாளர்கள், மாதம் 22 வேலை நாள் என்றால் 88 ஆள்-நாட்கள். டிராயிங் திருத்தம், வாடிக்கையாளர் புகார், ஷாப் ஃப்ளோர் சந்தேகம் போன்ற அன்றாட வேலைகளுக்கு 30 போய்விடும். மிச்சம் 58. பட்டியலில் உள்ள பணிகள் இந்த மாதம் டிசைனிடம் கேட்பதோ 105. பற்றாக்குறை 47 ஆள்-நாட்கள். எவ்வளவு அதட்டினாலும், எத்தனை மணி வரை உட்கார வைத்தாலும் 58 என்பது 105 ஆகாது. இந்த ஒரு பக்கக் கணக்கு, தாமதத்துக்கு யாருடைய சோம்பலும் காரணமல்ல என்பதை எம்.டி.க்கு ஒரே பார்வையில் புரியவைக்கும். டிசைன் மேலாளர் பி.எம்.ஓ.வைத் தன் பக்கம் நிற்கும் அமைப்பாகப் பார்க்கத் தொடங்குவதும் இங்கேதான்.

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் என்ன?

முன்னுரிமை கொடுங்கள் என்றதும் வரும் வழக்கமான பதில், “எல்லாமே அவசரம்தான், எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமாப் பாருங்க” என்பது. இதற்கு விவாதம் வேண்டாம். ஒரு கணக்கைக் காட்டுங்கள்.

ஒரு பொறியாளரிடம் மூன்று பணிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வார வேலை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால், முதல் பணி 4-ஆம் வார முடிவிலும், இரண்டாவது 8-ஆம் வாரத்திலும், மூன்றாவது 12-ஆம் வாரத்திலும் முடியும். வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால் முதல் பணி 10-ஆம் வாரத்திலும், இரண்டாவது 11-இலும், மூன்றாவது 12-இலும் முடியும். மூன்றாவது பணிக்கு எந்த லாபமும் இல்லை. முதல் பணி ஆறு வாரமும், இரண்டாவது மூன்று வாரமும் வீணாகத் தாமதமாகின்றன. ஒவ்வொரு முறை பணி மாறும்போதும் பழைய டிராயிங்கைத் திறந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க ஆகும் நேரத்தை நாம் இதில் சேர்க்கவே இல்லை.

எனவே வரிசைப்படுத்தியே ஆக வேண்டும். மதிப்பெண் போடும் சிக்கலான சூத்திரங்கள் தொடக்கத்தில் தேவையில்லை. ஒவ்வொரு பணிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது ஒரு மாதம் தாமதமானால் நமக்கு என்ன இழப்பு? விவசாய பம்ப் விற்பனை கோடையில் சூடுபிடிக்கும். பிப்ரவரியில் டீலர் கடைக்குப் போக வேண்டிய புதிய மாடல் ஜூனில் தயாரானால் இழப்பு நான்கு மாத விற்பனை மட்டுமல்ல, ஒரு முழுப் பருவம். அலுவலகத்தில் வருகைப் பதிவு மென்பொருளை மாற்றும் பணி ஒரு மாதம் தள்ளிப் போனால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. இப்படிப் பேசினால் வரிசை தானாகத் தெளியும். முப்பத்தொன்றில் பத்தை நடத்தலாம், எட்டை அடுத்த காலாண்டுக்குத் தள்ளலாம், மற்றதை வெளிப்படையாகக் கைவிடலாம். கைவிட்டதை அந்தப் பணியில் உழைத்தவர்களிடம் நேரில் சொல்லி நன்றி தெரிவியுங்கள். மௌனமாகச் சாகவிட்ட பணி எப்போது வேண்டுமானாலும் எழுந்து வந்து நேரம் கேட்கும்.

நான்கு தாள்கள் போதும்

பி.எம்.ஓ. என்றாலே படிவம் என்ற அச்சம் ஊழியர்களிடம் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. நான்கு படிவங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; ஒவ்வொன்றும் ஒரு பக்கம்.

1. தொடக்க ஒப்புதல் தாள். பணி எதற்காக, எது இதில் அடங்கும், எது அடங்காது, பொறுப்பாளர், பட்ஜெட், முடிவுத் தேதி, ஸ்பான்சர் கையெழுத்து. இவற்றில் அதிகம் மதிப்புள்ளது ‘எது அடங்காது’ என்ற வரி. பின்னால் வரும் சண்டைகளில் பாதியை அது தடுக்கும்.

2. வார நிலைத் தாள்.

3. இடர்களும் சிக்கல்களும். இன்னும் நடக்காதது இடர், நடந்துவிட்டது சிக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர், ஒரு தேதி. ‘டிசைன் மற்றும் பர்ச்சேஸ்’ என்று பொறுப்பாளர் இடத்தில் எழுதினால் பொறுப்பாளர் யாரும் இல்லை என்று பொருள்.

4. மாற்றக் கோரிக்கை. பாதி வழியில் யாராவது கூடுதலாக ஒன்று கேட்டால், அதனால் எத்தனை நாள், எவ்வளவு பணம் கூடும் என்பதை எழுதி ஒப்புதல் பெறும் தாள்.

இரண்டாவதான நிலைத் தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

பணி: 6 அங்குல நீர்மூழ்கி பம்ப், புதிய மாடல்
நிறம்: மஞ்சள்
மைல்கற்கள் (ஒப்புக்கொண்ட நாள் / இன்றைய கணிப்பு)
– பௌல் வார்ப்புக்கான பேட்டர்ன் கைக்கு வருதல்: நவம்பர் 10 / நவம்பர் 24
– முதல் வார்ப்பு: நவம்பர் 20 / டிசம்பர் 4
– ஐ.எஸ். 8034 சோதனை முடிதல்: டிசம்பர் 18 / ஜனவரி 1
காரணம்: பேட்டர்ன் செய்பவரிடம் வேறு ஆர்டர்கள் குவிந்துள்ளன.
தேவைப்படும் முடிவு: இரண்டாவது பேட்டர்ன் கடைக்கு ஆர்டர் தர ரூ. 40,000 கூடுதல் ஒப்புதல். தந்தால் பத்து நாள் மீளும்.
முடிவெடுக்க வேண்டியவர்: பொது மேலாளர், செயல்பாடுகள்
கடைசி நாள்: நவம்பர் 7. அதற்குப் பிறகு ஒப்புதல் தந்தாலும் பயனில்லை.

இந்தத் தாளில் உயிரான பகுதி கடைசி மூன்று வரிகள். என்ன முடிவு, யார், எந்த நாளுக்குள் என்பது இல்லாத நிலைத் தாளை பி.எம்.ஓ. திருப்பி அனுப்ப வேண்டும். முடிவு எதுவும் தேவையில்லை என்றால் ‘தேவையில்லை’ என்று எழுதினால் போதும்.

நிறங்களுக்கும் விதி வேண்டும்; மனநிலையைப் பொறுத்து நிறம் போடக் கூடாது. கணிப்புத் தேதி ஒரு வாரத்துக்குள் விலகினால் பச்சை. ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை மஞ்சள். மூன்று வாரத்தைத் தாண்டினாலோ, செலவு 10 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ சிவப்பு. உங்கள் தொழிலுக்கு ஏற்ப எல்லைகளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பணிக்கும் ஒரே எல்லை.

‘முடிஞ்ச மாதிரிதான் சார்’

நிலைத் தாளில் வரும் சதவீதங்களை நம்பாதீர்கள். ஒரு வார்ப்புப் பணி குறித்து நடக்கும் உரையாடலைப் பாருங்கள்.

“பேட்டர்ன் என்னாச்சு?”
“முடிஞ்ச மாதிரிதான் சார். தொண்ணூறு பர்சென்ட்.”
“போன வாரமும் தொண்ணூறுன்னுதானே சொன்னீங்க?”
“கடைசி ஃபினிஷிங் மட்டும்தான் சார் பாக்கி. ரெண்டு நாள்ல ஆயிடும்.”

பதில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. தன் ஊகத்தைச் சொல்கிறார். கேள்வியை மாற்றினால் பதில் மாறும். “பேட்டர்ன் நம்ம ஃபவுண்டரிக்குள்ள வந்துடுச்சா? அளவு பார்த்து இன்ஸ்பெக்ஷன் கையெழுத்து ஆயிடுச்சா?” இவற்றுக்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள்தான் உண்டு. ஆகவே ஒவ்வொரு பணியையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீளாத சிறு மைல்கற்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு மைல்கல்லுக்கும் கையால் தொட்டுக் காட்டக்கூடிய அடையாளம் ஒன்று வேண்டும்: கையெழுத்தான டிராயிங், வந்து இறங்கிய பொருள், சோதனை அறிக்கை. முடிந்தது அல்லது முடியவில்லை. நடுவே சதவீதம் கிடையாது. இதை மட்டும் நடைமுறைப்படுத்தினாலே தாமதம் இரண்டு வாரத்துக்குள் வெளியே தெரிந்துவிடும்.

கூட்டங்களும் முடிவுப் பதிவேடும்

வாரம் ஒரு முறை, அரை மணி நேரம்: பணித் தலைவர்களும் பி.எம்.ஓ.வும். பச்சைப் பணிகளைப் பற்றிப் பேச வேண்டாம். அடுத்த இரண்டு வாரத்தில் எது எதில் மோதும் என்பதை மட்டும் பாருங்கள்.

மாதம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம்: ஸ்பான்சரும் பிரிவுத் தலைவர்களும் அடங்கிய வழிநடத்தும் குழு. தாள்கள் இரண்டு நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். கூட்டத்தில் ஸ்லைடு போட்டு வாசிக்கக் கூடாது. நிகழ்ச்சி நிரலில் முடிவு கேட்கும் விஷயங்கள் மட்டுமே இருக்கட்டும். கூட்டம் கலையும் முன், எடுத்த முடிவுகளை பி.எம்.ஓ. தலைவர் உரக்க வாசித்து எல்லோரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும்.

இந்த முடிவுகள் போய்ச் சேரும் இடம் முடிவுப் பதிவேடு. ஐந்து பத்திகள் போதும்: கேள்வி, கேட்ட நாள், முடிவெடுக்க வேண்டியவர், முடிவான நாள், முடிவு. மூன்று மாதம் இதைத் தொடர்ந்து எழுதினால், ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க உங்கள் நிறுவனத்தில் எத்தனை நாள் ஆகிறது என்பது முதன்முறையாக எண்ணாகத் தெரியும். ரூ. 40,000 ஒப்புதலுக்குப் பதினெட்டு நாள் ஆகிறது என்று கண்டால், தீர்வும் கூடவே தெரியும்: பணித் தலைவரே ஒப்புதல் தரக்கூடிய செலவு வரம்பை உயர்த்துங்கள். பணித் தலைவர்களுக்கு அதிகாரம் பெற்றுத் தருவது பி.எம்.ஓ. செய்யக்கூடிய மிக உயர்ந்த பணி. கொங்கணின் ஏழு பொறியாளர்களிடம் இருந்தது அதுதான்.

கெட்ட செய்தி மேலே போகும் பாதை

நம் அலுவலகங்களில் பெரியவர்களிடம் பாதகமான செய்தி சொல்லத் தயங்குவது ஊறிப்போன பழக்கம். “சார் மூட் சரியில்ல, நாளைக்குச் சொல்லிக்கலாம்” என்ற வாக்கியம் எத்தனையோ பணிகளுக்கு வாரங்களைச் செலவு வைத்திருக்கிறது. மென்பொருளால் இதை மாற்ற முடியாது. தலைமையில் இருப்பவரின் முதல் எதிர்வினை மாற வேண்டும்.

நடைமுறையில் இதற்கு மூன்று வழிகள். முதலாவது, சிவப்பு நிறம் எதுவும் கூட்டத்தில் முதன்முறையாகத் தெரியக் கூடாது, பி.எம்.ஓ. தலைவர் முந்தின நாளே ஸ்பான்சரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். கோபம் இருந்தால் அங்கே தணியட்டும். இரண்டாவது, கூட்டத்தில் ஸ்பான்சரின் முதல் கேள்வி எப்போதும் “நான் என்ன செய்யணும்?” என்பதாக இருக்கட்டும். காரணம் யார் என்ற விசாரணையைப் பணி முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, சீக்கிரமாகச் சிவப்பை அறிவித்தவரைக் கூட்டத்திலேயே பாராட்டுங்கள். ஒரு முறை பாராட்டியதைப் பத்துப் பேர் கவனிப்பார்கள். ஒரு முறை கடிந்தால் முழு நிறுவனமும் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அதற்குப் பிறகு பி.எம்.ஓ.வுக்கு வரும் எந்தத் தகவலும் பயன்படாது.

மென்பொருள் எப்போது?

முதல் ஆறு மாதத்துக்கு எக்செல் போதும். பட்டியல், நிலைத் தாள், பதிவேடு ஆகிய மூன்றும் யாரும் நினைவூட்டாமலே வாரந்தோறும் வரத் தொடங்கியபின் மென்பொருள் தேடுங்கள். மென்பொருள் உருவாக்கும் குழுக்களுக்கு ஜிரா, பெரிய கட்டுமானங்களுக்கு ப்ரைமவெரா, பொதுவான அட்டவணைக்கு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்று தொழிலுக்கேற்ற கருவிகள் உள்ளன. பழக்கம் படியாத இடத்தில் வாங்கிய லைசென்ஸ் வீண் செலவு.

நூறு நாள் அட்டவணை

நாள் 1–15: ஸ்பான்சரின் மூன்று உறுதிமொழிகள், பி.எம்.ஓ.வின் இரண்டு உரிமைகள் எழுத்தில். பிரிவுத் தலைவர்களுடன் சந்திப்பு.

நாள் 16–30: முழுப் பட்டியல் தயார். தனித்தாளில் எழுதிய முட்டுக்கட்டைகளில் பிரிவுக்கு ஒன்றையாவது தீர்த்துக் கொடுங்கள். பர்ச்சேஸில் தேங்கிய ஒரு பி.ஓ., வராத ஒரு கையெழுத்து என்று சின்னதாக இருந்தாலும் போதும். படிவம் கேட்கும் முன் உதவி செய்தவருக்குக் கதவு திறக்கும்.

நாள் 31–50: கொள்ளளவுக் கணக்கு. வழிநடத்தும் குழுவின் முதல் கூட்டம். எதை நடத்துவது, எதைத் தள்ளுவது, எதைக் கைவிடுவது என்ற முடிவு.

நாள் 51–80: தேர்ந்தெடுத்த மூன்று பணிகளில் மட்டும் நான்கு தாள்களையும் நடைமுறைப்படுத்துங்கள். எது உதவவில்லை என்று பணித் தலைவர்களிடம் கேட்டு, தாளைத் திருத்துங்கள்.

நாள் 81–100: நடக்கும் எல்லாப் பணிகளுக்கும் விரிவாக்கம். முடிவுப் பதிவேட்டின் முதல் கணக்கை ஸ்பான்சரிடம் காட்டுங்கள்.

ஓராண்டு முடிவில்

பி.எம்.ஓ. தன்னையும் அளந்துகொள்ள வேண்டும். எத்தனை அறிக்கை தயாரித்தோம், எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தோம் என்பவை அளவீடுகள் ஆகா. இந்த நான்கைப் பாருங்கள்:

• ஒரு கேள்வி முடிவாக எத்தனை நாள் ஆனது? தொடக்கத்தைவிடக் குறைந்திருக்கிறதா?
• ஒப்புக்கொண்ட நாளில் எட்டிய மைல்கற்கள் நூற்றுக்கு எத்தனை?
• இந்த ஆண்டு தொடங்கிய பணிகளைவிட முடித்த பணிகள் அதிகமா?
• முதன்முறை சிவப்பு அறிவித்தபோது, பணியைக் காப்பாற்ற இன்னும் அவகாசம் இருந்ததா?

நான்கும் முன்னேறியிருந்தால் பணித் தலைவர்களே பி.எம்.ஓ.வைக் கேட்டு வருவார்கள். அடுத்த கட்ட அதிகாரங்களைப் பற்றி அப்போது பேசலாம். முன்னேறவில்லை என்றால் ஆட்களையும் படிவங்களையும் கூட்ட வேண்டாம். முடிவுப் பதிவேட்டை எடுத்து, அதிக நாள் காத்திருந்த பத்துக் கேள்விகளை வட்டமிடுங்கள். அவை யார் மேசையில், ஏன் காத்திருந்தன என்று ஸ்பான்சருடன் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பத்துக்கும் காரணத்தைக் களைந்த பிறகு அடுத்த ஆண்டின் பட்டியலைத் தொடங்குங்கள்.